பருமனும் பரம்பரையும்

காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்குச் சோறு வெறும் உணவன்று. அஃது ஊரின் பெருமை. தஞ்சைப் பக்கத்தில் விருந்தினர் ஒருவர் இலையின்முன் அமர்ந்தால், குழம்புக்கு ஒருமுறை, ரசத்திற்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என மூன்று முறையேனும் சோறு விழாமல் அவரை எழுந்திருக்க விடமாட்டார்கள். திருவையாற்றுக்கு அருகில் இத்தகைய ஓர் இல்லத்தில்தான் என் தாயாரும் அவருடைய தமையனாரும் பிறந்து வளர்ந்தார்கள்.

இருவரும் உண்டது ஒரே பானைச் சோறு. ஆயினும் இருவர் உடலும் இருவேறு வகையாக அமைந்தன. என் தாயார் இளமையிலேயே இடுப்பும் தொடையும் பருத்தவர். மாமாவுக்கோ கையும் காலும் மெலிந்தே இருந்தன. முப்பது வயதிற்குமேல் வயிறு மட்டும் முன்னே வந்தது. உற்றார் உறவினர் என் தாயாரைப் பார்த்து, ‘சோற்றைக் குறைத்துக்கொள்’ என்று வாய் ஓயாமல் சொன்னார்கள். அவர் நாணி, பல ஆண்டுகள் இரவுச் சோற்றையே துறந்தார். மாமாவின் தொந்தியையோ செல்வச் செழிப்பின் அடையாளமென்று அதே உறவினர் போற்றினார்கள். முடிவு என்ன ஆயிற்று? நாற்பத்து நான்காம் வயதில் சர்க்கரை வியாதி கண்டது மாமாவுக்கு. ஐம்பத்தெட்டாம் வயதில் நெஞ்சுவலியால் மாண்டவரும் அவரே. என் தாயார் எண்பதைக் கடந்து வாழ்ந்தார்.

ஒரு குடும்பத்துக் கதையை வைத்துக்கொண்டு பொதுவிதி கூறுதல் பொருந்தாது. ஆனால் அக்கதை என்னுள் இரண்டு வினாக்களை எழுப்பிற்று. உடல் பருப்பது உண்பதனால் மட்டுந்தானா, அன்றிப் பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டா? உண்டெனின், ஆணுக்கும் பெண்ணுக்கும் அப்பங்கு ஒரே தன்மையதா? இவ்விரு வினாக்களுக்கும் அறிவியல் கண்ட விடைகளை இன்று மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

முதலில் பரம்பரை என்பது யாதெனப் பார்ப்போம். நம் உடலின் உயிரணுக்களில் குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகள் 46 இருக்கின்றன. அவற்றுள் 23 தாயிடமிருந்தும் 23 தந்தையிடமிருந்தும் வந்தவை. உடலை எவ்வாறு அமைப்பது, எவ்வாறு நடத்துவது என்னும் கட்டளைகள் இவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. அக்கட்டளைகளையே மரபணுக்கள் என்கிறோம். 22 சோடிக் குரோமோசோம்கள் ஆண் பெண் இருபாலார்க்கும் பொதுவானவை. 23ஆவது சோடியில்தான் வேறுபாடு. பெண்ணுக்கு ‘எக்ஸ்’ எனப்படுபவை இரண்டு. ஆணுக்கு ‘எக்ஸ்’ ஒன்று, ‘ஒய்’ ஒன்று. இச்சிறு வேற்றுமையைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் திரும்பி வருவோம்.

ஒரு குடும்பத்தில் தாயும் மகளும் பருத்திருந்தால் அதற்குக் காரணம் மரபா, அவ்வீட்டுச் சமையலா? இதனைப் பிரித்தறிவது எளிதன்று. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். பெற்றவர் ஒருவராகவும் வளர்த்தவர் வேறொருவராகவும் உள்ள பிள்ளைகளை ஆராய்வதே அவ்வழி. டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்த 540 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 1986இல் வெளிவந்தது. வளர்ந்தபின் அவர்களுடைய பருமன் பெற்ற தாய் தந்தையரை ஒத்திருந்தது. சோறிட்டு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. 1990இல் சுவீடன் நாட்டு இரட்டையரைப் பற்றிய ஆராய்ச்சியும் இதனையே உறுதிசெய்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்து, வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த இரட்டையரின் பருமனை ஒப்பிட்டார்கள். முழு ஒற்றுமைக்கு 1 என்றும், ஒற்றுமையே இல்லையெனில் 0 என்றும் கொண்டால், ஆண் இரட்டையரிடம் 0.70, பெண் இரட்டையரிடம் 0.66 என்னும் அளவு கிடைத்தது. இருபாலாரிடத்தும் மரபின் கை வலிதென்பது இதனால் விளங்கும்.

‘அப்படியானால் உண்ணும் அளவுக்கு மதிப்பே இல்லையா?’ என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு சோதனை உண்டு. கனடா நாட்டில் கிளாட் புஷார்ட் என்பவரும் அவருடைய துணைவர்களும், 12 சோடி ஆண் இரட்டையரை ஓரிடத்தில் தங்கவைத்தார்கள். அவர்கள் வழக்கமாக உண்பதற்குமேல் நாளொன்றுக்கு 1,000 கலோரி கூடுதலாக, 84 நாள் உணவளித்தார்கள். அனைவருக்கும் கூடுதல் உணவு ஒரே அளவுதான். ஆனால் ஒருவருக்கு ஏறிய எடை 4.3 கிலோ, இன்னொருவருக்கு 13.3 கிலோ! அதே வேளையில், ஒரு சோடியைச் சேர்ந்த இருவருக்கும் ஏறிய எடை ஏறத்தாழ ஒத்திருந்தது. அது வயிற்றில் சேர்ந்ததா, பிற இடங்களில் சேர்ந்ததா என்பதுங்கூட ஒத்திருந்தது. மிகையாக உண்டால் எவரும் பருப்பர். எவ்வளவு பருப்பர் என்பதை மரபு வேறுபடுத்துகிறது. 1990இல் வெளிவந்த இச்சோதனை தரும் பாடம் இதுவே.

மரபணு எவ்வாறு உடலைப் பருக்கவைக்கிறது? நம் உடற்கொழுப்பு வாளாவிருக்கும் பொருளன்று. ‘சேமிப்பு போதும்’ என்று மூளைக்குச் செய்தி அனுப்பும் ஒரு ஹார்மோனை அது சுரக்கிறது. லெப்டின் என்பது அதன் பெயர். அதற்குரிய மரபணுவை நியூயார்க் நகரில் ஜெப்ரி ஃபிரீட்மன் குழுவினர் 1994இல் கண்டறிந்தார்கள். மூன்றாண்டுகள் கழித்து, பாகிஸ்தானிலிருந்து இங்கிலாந்து சென்று குடியேறிய ஒரு குடும்பத்தின் குழந்தைகள் இருவரைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ; அவளுடைய உறவினனாகிய இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. எவ்வளவு உண்டும் அவர்களுக்குப் பசி ஆறவில்லை. பிழைபட்ட லெப்டின் மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள் அவர்கள். பின்னர் லெப்டினை ஊசி வழியே செலுத்தியபோது பசி தணிந்தது. ஓராண்டில் சிறுமியின் எடை 16 கிலோவுக்குமேல் குறைந்தது. அதுவரை அக்குழந்தைகளைப் ‘பெருந்தீனி தின்பவர்கள்’ என்று பழித்தவர்கள் இருந்திருப்பின், அப்பழி எத்துணைக் கொடியது என்று எண்ணிப் பாருங்கள்! அவர்களுடைய பெற்றோர் உறவுமுறையில் மணந்தவர்கள். உறவுக்குள் மணம் செய்வது நம் பக்கத்திலும் வழக்கமாதலால், இச்செய்தி நாமும் கருதத்தக்கது.

இது மிக அரிதான குறை. பெரும்பாலோருடைய பருமனில் ஒரு மரபணு மட்டும் ஆட்சி செய்வதில்லை. நூற்றுக்கணக்கானவை சிறிது சிறிதாகத் தூண்டுகின்றன. அவற்றுள் புகழ்பெற்றது 2007இல் அறியப்பட்ட எஃப்.டி.ஓ. என்னும் மரபணுவாகும். இதன் பருக்கவைக்கும் வடிவத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர் ஐரோப்பியருள் 100க்கு 16 பேர். அவ்வடிவமே இல்லாதவரைவிட இவர்கள் சராசரியாக 3 கிலோ மிகுந்திருந்தனர். இது பெரிதும் பசியின் வழியாகவே வேலை செய்கிறது. ‘போதும்’ என்னும் உணர்வு இவர்களுக்குச் சற்றுப் பிந்தி வருகிறது.

இனி இரண்டாம் வினாவுக்கு வருவோம். உடலில் மொத்தக் கொழுப்பு எவ்வளவு சேரும் என்பதைத் தூண்டும் மரபணுக்கள், எஃப்.டி.ஓ. உட்பட, பெரும்பாலும் இருபாலாரிடத்தும் ஏறத்தாழ ஒன்றுபோலவே நடக்கின்றன. ஆனால் அக்கொழுப்பு உடலில் எங்கே சேரும் என்று கேட்டால், அங்கேதான் ஆணும் பெண்ணும் பிரிகின்றனர். இடையின் சுற்றளவை இடுப்பின் சுற்றளவால் வகுத்து வரும் விகிதத்தை வைத்து, 2,24,459 பேரிடம் நடத்திய பேராராய்ச்சி ஒன்று 2015இல் வெளிவந்தது. அவ்விகிதத்தோடு தொடர்புடைய இடங்கள் 49 குரோமோசோம்களில் காணப்பட்டன. அவற்றுள் 20 இடங்கள் ஆணிடம் ஒரு வகையாகவும் பெண்ணிடம் ஒரு வகையாகவும் நடந்தன. அந்த 20இல் 19, பெண்களிடத்தே வலிமை மிக்கவையாயிருந்தன. ‘எவ்வளவு’ என்பது பெரிதும் பொது. ‘எங்கே’ என்பதிலேதான் வேற்றுமை.

அதே மரபணு இருவரிடம் இருவேறு வகையாக நடப்பது எங்ஙனம்? தஞ்சை மாவட்டத்து உழவரைக் கேளுங்கள், அவர் சொல்வார். ஒரே மூட்டையிலிருந்து எடுத்த விதைநெல்லைத் திருவையாற்று வண்டல் வயலிலும் ஒரத்தநாட்டுச் செம்மண் வயலிலும் விதைத்தால், இரண்டும் ஒன்றுபோலவா வளர்கின்றன? விதை ஒன்று, நிலம் இரண்டு. அவ்வாறே ஆணுடலும் பெண்ணுடலும் மரபணு என்னும் விதைக்கு இருவேறு நிலங்கள்.

அந்நிலங்களை வேறுபடுத்துவன இரண்டு. முதலாவது ஹார்மோன்கள். பருவம் எய்தியபின் பெண்ணுடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், கொழுப்பை இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் சேர்க்கிறது. மகப்பேற்றுக்கும் பாலூட்டுவதற்கும் இயற்கை வைத்த களஞ்சியம் அது. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறையவே, பெண்ணுக்கும் கொழுப்பு வயிற்றை நாடத் தொடங்குகிறது. ஆணுக்கோ இளமை முதலே அது வயிற்றினுள், குடலைச் சூழ்ந்து சேரும் போக்குடையது.

இரண்டாவது, நான் நினைவில் வைக்கச் சொன்ன எக்ஸ் குரோமோசோம். கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர்ப் பல்கலைக்கழகத்தார் ஒருவகைச் சுண்டெலிகளை உருவாக்கினார்கள். அவற்றுள் சிலவற்றுக்கு எக்ஸ் இரண்டிருந்தும் ஆணுறுப்பு அமைந்திருந்தது. சிலவற்றுக்கு எக்ஸ் ஒன்றும் ஒய் ஒன்றும் இருந்தும் பெண்ணுறுப்பு அமைந்திருந்தது. ஹார்மோன் சுரக்கும் அவ்வுறுப்புகளையும் நீக்கிவிட்டுப் பார்த்தபோது, இரண்டு எக்ஸ் உடைய எலிகள் மற்றவற்றைவிட இரு மடங்கு வரை கொழுப்புச் சேர்த்தன. 2012இல் வெளிவந்த இவ்வாராய்ச்சி, ஹார்மோனின் துணையின்றியே எக்ஸ் குரோமோசோமின் எண்ணிக்கைக்குத் தனி ஆற்றல் உண்டென்று காட்டிற்று.

இன்னும் ஒரு வியப்பைச் சொல்கிறேன். கே.எல்.எஃப். 14 என்றொரு மரபணு உண்டு. இதனைத் தாயும் தருவார், தந்தையும் தருவார். ஆனால் தந்தை தந்த பிரதி வாய்மூடியிருக்கும். தாய் தந்ததே பேசும். இதன் தீய வடிவத்தைத் தாயிடமிருந்து பெற்ற பெண்களுக்கு இடுப்பில் சேரவேண்டிய கொழுப்பு வயிற்றை நோக்கி நகர்கிறது; நீரிழிவு வரும் வாய்ப்பும் மிகுகிறது. தந்தை வழியாக வந்தால் இவ்விளைவு இல்லை. ஆண்களிடத்தும் இம்மாற்றம் காணப்படவில்லை. 2018இல் வெளியான செய்தி இது.

கொழுப்பு எங்கே சேர்ந்தால் என்ன என்று எண்ணிவிடாதீர்கள். உயிருக்கு இறுதி வருவது பெரும்பாலும் இந்த ‘எங்கே’ என்பதனால்தான். இடுப்பிலும் தொடையிலும் உள்ள கொழுப்பு அமைதியாகத் தங்கியிருக்கும். வயிற்றினுள் சேரும் கொழுப்போ அமைதியற்றது. அதிலிருந்து கசியும் கொழுப்பமிலங்கள் நேரே ஈரலை அடைந்து, இன்சுலின் செய்யும் வேலையைக் கெடுக்கின்றன. நீரிழிவும் இதயநோயும் அங்கே வேர்கொள்கின்றன. ஆண்கள் பெண்களைவிடக் குறைந்த பருமனிலேயே நீரிழிவுக்கு ஆளாவதன் காரணம் பெரிதும் இதுவேயாகும். என் மாமாவின் வயிற்றுக்கும் என் தாயாரின் இடுப்புக்கும் இருந்த வேற்றுமை இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

இவ்வகையில் நம் நாட்டார் இன்னும் ஒருபடி எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். எடையைக் கிலோவில் கணக்கிட்டு, உயரத்தின் மீட்டர் அளவை அதனாலேயே பெருக்கி வந்த தொகையால் வகுத்தால் கிடைப்பது உடல் எடைக் குறியீடு. புனே நகரத்து மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் ஒருமுறை தம்மையே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இருவருக்கும் அக்குறியீடு 22.3தான். ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு; யாஜ்னிக் உடலில் 21.2 பங்கு! பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு என்னும் இந்திய உடலமைப்பை 2004இல் அவர்கள் இவ்வாறு உலகுக்குக் காட்டினார்கள். எம்.சி. 4 ஆர். என்னும் மரபணுவின் அருகே, இடையின் சுற்றளவைக் கூட்டும் ஒரு வடிவம் உண்டென்று 2008இல் கண்டறியப்பட்டது; அதுவும் ஐரோப்பியரைவிட இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படுகிறது.

அப்படியானால் எல்லாம் தலைவிதிதானா? இல்லை. மறுபடியும் வயலுக்கே வாருங்கள். நம் முன்னோர் பயிரிட்ட பழைய சம்பா வகைகள் பகற்பொழுதின் நீளத்தை அறிபவை. மேட்டூரில் தண்ணீர் திறந்தவுடன் ஜூன் மாதத்திலேயே அவற்றை விதைத்தாலும், அவை இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே நிற்கும். ஐப்பசி வாக்கில் பகல் குறுகினால்தான் கதிர் விடும். கதிர் விடும் இயல்பு விதைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அதற்குரிய பருவம் வராதவரை அது வெளிப்படுவதில்லை. மரபணுவும் அத்தகையதே. அமெரிக்காவில் ஃபிரேமிங்காம் என்னும் ஊரில் தலைமுறைகளாக நடந்துவரும் ஆராய்ச்சியில், எஃப்.டி.ஓ. மரபணுவுக்கும் பருமனுக்கும் உள்ள தொடர்பு 1942ஆம் ஆண்டிற்குப் பின் பிறந்தவர்களிடமே தெளிவாகக் காணப்பட்டது; அதற்கு முன் பிறந்தவர்களிடம் காணப்படவில்லை. விதை முன்னும் இருந்தது. வண்டியும் இயந்திரமும் மலிந்த காலம் பின்னரே வந்தது.

நம் சென்னையிலும் இதற்குச் சான்றுண்டு. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விமலேஸ்வரன் கரணி அவர்களும் ஏறத்தாழ 1,600 பேரிடம் எஃப்.டி.ஓ. மரபணுவை ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். அதன் பருக்கவைக்கும் வடிவத்தை உடையவர்களுள், சோறு முதலிய மாவுப்பொருளை மிக அதிகமாக உண்பவர்களுக்குப் பருமன் வரும் வாய்ப்பு, அவ்வடிவம் இல்லாதவரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்காக இருந்தது. உடலுழைப்பு இல்லாதவரிடத்து அது இரு மடங்கை நெருங்கியது. உலகின் பல நாடுகளில் 2,18,166 பேரின் விவரங்களைத் திரட்டி 2011இல் வெளிவந்த ஆராய்ச்சியோ, உடலுழைப்பு இம்மரபணுவின் ஆற்றலை நூற்றுக்கு 27 பங்கு மட்டுப்படுத்துகிறது என்று கூறுகிறது.

இக்கணக்குகளை நம் காவிரிப் படுகையோடு பொருத்திப் பாருங்கள். நம் பாட்டனார் ஏரைப் பிடித்தார். பாட்டியார் நாளெல்லாம் குனிந்து நாற்று நட்டார். மூன்று முறை வைத்த சோறு அவ்வுழைப்பில் கரைந்தது. இன்று உழுவது டிராக்டர், அறுப்பதும் இயந்திரம், பல ஊர்களில் நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. கைக்குத்தல் அரிசி போய் ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி வந்தது. ஆனால் இலையில் விழும் சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை. மரபணுக்கள் நம் பாட்டனாருடையவையே; பருவம்தான் மாறிவிட்டது. நாட்டுக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மிகை எடை உடையவர்கள் 2015-16இல் பெண்களுள் நூற்றுக்கு 30.9, ஆண்களுள் 28.2. 2019-21இல் இவை முறையே 40.4 ஆகவும் 37.0 ஆகவும் உயர்ந்தன. ஐந்தாண்டுக்குள் எந்த மக்களின் மரபணுவும் மாறுவதில்லை, மாறியது வாழ்க்கைமுறையே.

மாணவர்களே, இவற்றையெல்லாம் கேட்டபின் நீங்கள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, எடையை மட்டும் பார்த்து மகிழவோ வருந்தவோ வேண்டா; ஒரு நாடாவை எடுத்து இடையை அளந்து பாருங்கள். வளர்ந்த இந்திய ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குமேலும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குமேலும் போகலாகாது என்பது மருத்துவர் கருத்து. இருபாலார்க்கும் ஏன் இருவேறு அளவுகள் என்பதை இனி உங்களுக்கு எவரும் சொல்லவேண்டியதில்லை. வீட்டிலே தந்தையாருக்கும் தாயாருக்கும் அளந்து பாருங்கள். மெலிந்த கையும் பருத்த வயிறும் உடையவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, ‘எங்கள் குடும்பமே இப்படித்தான்’ என்று சோர்ந்திராதீர்கள். பருமனுள்ள குடும்பத்தில் பிறந்தவனுக்கே உழைப்பும் அளவான சோறும் மிகுதியாகப் பயன்தருகின்றன. கீரையும் காயும் பருப்பும் இலையில் இடம் பெற்றால், சோறு தானாகவே தன் எல்லைக்குள் அடங்கும்.

மூன்றாவது, எவருடைய உடலையும் நகையாடாதீர்கள். வகுப்பில் பருத்த உடலுடன் அமர்ந்திருக்கும் மாணவியோ மாணவனோ உங்களைவிட ஒரு கவளம் மிகுதியாக உண்டவர் என்று நீங்கள் எங்ஙனம் அறிவீர்கள்? அவருடைய தாயும் தந்தையும் தந்த கட்டளைகள் அவருடைய உடலில் எழுதப்பட்டிருக்கின்றன. உங்களுக்கு வேறு கட்டளைகள். அவ்வளவே வேற்றுமை.

என் தாயார் பல ஆண்டுகள் இரவில் பட்டினி கிடந்தார். வீட்டார் அனைவரும் உண்டபின் அடுக்களையில் விளக்கணைத்துவிட்டு அவர் வெறும் நீர்மோர் குடித்துப் படுத்ததை நான் சிறுவனாயிருந்து பார்த்திருக்கிறேன். அவருடைய உடலில் பழி சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை என்பதை அன்று அறிந்திருந்தால், அருகிலே அமர்ந்து அவரை உண்ணச் சொல்லியிருப்பேன். மாமாவையோ, தொந்தியைத் தடவிக்கொண்டு வரப்பில் நின்றவரை, ஒரு நாடாவோடு மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருப்பேன். எனக்கு அந்த அறிவு காலங்கடந்து வந்தது. உங்களுக்கு உரிய காலத்தில் வந்திருக்கிறது; அதனை உங்கள் வீட்டார்க்குப் பயன்படுத்துவீர்களாக.